நாலு மூலைக்கு ஒரு கோடு

இடுப்பு இரண்டாகக் கழன்றுவிட்டது என்றுதான் தேவிப்ரியா நினைத்தாள். மூன்றாவது வரிசையில் பாதிகூடத் தாண்டவில்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடியை வெறுமனே இழுத்தால் தழை மட்டும் கையோடு வந்துவிடும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அடித்தண்டைச் சேர்த்துப் பிடித்து, ஒரு ஆட்டு ஆட்டி, மண் இளகுகிற அந்த நொடியில் தூக்க வேண்டும். பதினாறு வயது வரை லீவு நாளெல்லாம் செய்த வேலைதான். நடுவில் பதினோரு வருஷம் நாற்காலி. மனசுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, முதுகுத்தண்டுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"ஏம்மா என்ஜினியரு, செடியப் புடுங்கறியா, செடிகிட்ட மன்னிப்பு கேக்கறியா?" என்றாள் திரௌபதி, தலையைத் தூக்காமலேயே. அவள் இரண்டு வரிசை முன்னால் போயிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்தக் கடலைக் கொல்லையில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் சீக்கிரம் நின்றுவிட்டது.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், இதே கொல்லையில், கிணற்று மேட்டுப் பக்கம், தேவிப்ரியாவுக்குப் பெரியம்மா முறையான தங்கம்மாள் விழுந்தாள். கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உடம்பு தீயாகக் கொதித்ததாம். திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. வெயில் அடித்து இறந்தாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் கடைசி வரைக்கும் பச்சை விளக்கு எரிந்ததுதான் கேள்வி.

அந்தப் பட்டைக்கு மூளை வைத்தவள் தேவிப்ரியா. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு அறை எடுத்து நடக்கிற தொண்டு நிறுவனம். வெளிநாட்டுப் பணம். வெயிலில் கூலி வேலை செய்கிற பெண்கள் நூற்று நாற்பது பேர் கையில் ஒரு பட்டை. சுற்றியிருக்கிற சூடு, தோலின் ஈரம், நாடி என்று மூன்றை அது அளக்கும். உள்ளே இருக்கிற சின்னச் சில்லு கணக்குப் போட்டு, பச்சை என்றால் வேலை செய்யலாம், சிவப்பு என்றால் உட்கார வேண்டும் என்று சொல்லும். பெண்கள் அதைக் கடியாரம் என்றார்கள். மணி காட்டாத கடியாரம்.

மதியம் வேப்பமரத்தடியில் குந்தி, தூக்கில் இருந்த கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள் திரௌபதி. தேவிப்ரியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்காருவதற்கே மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அத்தை, அன்னிக்கு இன்னா நடந்துச்சுனு சொல்லுங்க."

"எத்தினி வாட்டிம்மா சொல்றது? போலீஸ்காரன் கேட்டான். உங்க ஆபீஸ்காரரு வந்து கேட்டாரு."

"அவங்க எழுதிக்கினு போறதுக்குக் கேட்டாங்க. எனக்குத் தெரியணும்."

திரௌபதி கூழைக் குடித்தாள். ஊறுகாயை நாக்கில் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"பன்னெண்டு மணி இருக்கும். வெயிலு மண்டையப் பொளக்குது. 'ஏ திரௌபதி, எனக்கு ஒரு மாதிரி கீதுடி'ன்னா. நான் இன்னா பண்ணேன்? அவ மூஞ்சியப் பாக்கல. கையப் பாத்தேன். பச்சை எரிஞ்சிக்கினு இருந்துச்சு. 'பச்சைதானடி எரியுது, வா'ன்னேன். அவளும் பாத்துக்கினா. 'ஆமா'ன்னா. குனிஞ்சா. அப்புறம் நிமிரல."

"கடியாரம் வர்றதுக்கு முன்னாடின்னா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"இன்னா பண்ணுவோம்? பக்கத்து வரிசைக்காரி பொறங்கைய கழுத்துல வச்சிப் பாப்பா. உனக்கே வச்சிருக்கறோமே, மறந்துட்டியா? ஈரமா இருந்தா விட்டுடறது. காஞ்சு கெடந்தா அவ்ளோதான், தரதரனு இழுத்தாந்து இந்த மரத்தடில போட்டு தண்ணிய ஊத்துவோம். மேஸ்திரி கத்துவான். கத்துனா கத்திக்கினு போ."

"நெழல்ல குந்தினு இருக்கறப்பவும் வேர்த்து ஊத்துனா?"

"அதுவும் ஆவாது. அது வேற. அதுக்கு சக்கரைத்தண்ணி குடுக்கணும், காலத் தூக்கி வைக்கணும். வெயில்ல வேர்க்கணும், நெழல்ல காயணும். மாறிப்போச்சுனா வம்பு. இதுக்கு என்ஜினியரு படிக்கணுமா?"

"இப்ப கழுத்தத் தொட்டுப் பாக்கறீங்களா?"

"கடியாரம் வந்தப்புறம் யாரு கழுத்த யாரு தொட்டா? மேஸ்திரியே சொல்லிட்டான், பச்சை எரிஞ்சா வேலைய பாருங்கனு." திரௌபதி தூக்கைக் கழுவிய தண்ணீரை வேர்மேல் ஊற்றினாள். "நான் அவ கழுத்த ஒரு தபா தொட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்துபோய்விட்டாள்.

சாயங்காலம் திருவண்ணாமலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தேவிப்ரியா கணக்கைப் போட்டுப் பார்த்தாள். பட்டைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆறு மாசம் மூன்று கிராமத்தில் அளவு எடுத்திருந்தார்கள். வெயிலில் வேர்த்துக்கொண்டு வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நிழலில் காய்ந்த உடம்போடு உட்கார்ந்தவர்களும் அப்படியே. நிழலில் வேர்த்து மயங்கினவர்கள் பதினொரு பேர். வெயிலில் காய்ந்துபோன உடம்பு ஒன்றுகூட இல்லை. அப்படி ஒருத்தியும் வராததை அப்போது அவள் யோசிக்கவில்லை. இப்போது தெரிந்தது. அப்படி ஆவதற்குள் பக்கத்து வரிசைக்காரி இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு புறங்கை செய்த வேலை அளவில் வராமல் போனது. அளவில் வராததால் அது நடப்பதே இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு பட்டை வந்தது. புறங்கை நின்றது.

ஆனால் பழியை அளவு மேல் மட்டும் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆபீஸில் ஒருங்கிணைப்பாளர் சுரேஷ்குமார் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. தங்கம்மாள் சாவுக்கு வந்து சுடுகாடு வரைக்கும் நடந்தவர். ஆனால் இரண்டு வாரத்தில் பணம் கொடுப்பவர்களுக்கு அறிக்கை போக வேண்டும். கீழே ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் பப்பாளி தின்றுகொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சென்சார் கோளாறுனு போட்டுடலாமாம்மா? செஞ்சு குடுத்த கம்பெனிக்காரன் பாத்துப்பான்."

"சென்சார் மூணும் சரியா வேலை செஞ்சிருக்குது சார். வெளிய நாப்பத்தோரு டிகிரி. தோல் சுத்தமா காஞ்சிருக்குது. நாடி ஓடியிருக்குது, ஆனா மல்லாட்டை புடுங்கறவங்களுக்கு நாடி எப்பவும் ஓடும், அதனால அதுக்கு மதிப்பு கம்மி. எல்லாம் பதிவாயிருக்குது." அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "இது அந்த நேரத்துக்கு ஒவ்வொருத்தருக்கும் பட்டை போட்ட மார்க். நூத்தி நாப்பது பேர்ல எல்லாரையும் விட பத்திரமா இருக்கறது யாருனா, தங்கம்மா பெரிம்மானு சொல்லுது."

சுரேஷ்குமார் கண்ணாடியைக் கழற்றினார். "விழுந்த நேரத்துலயா?"

"விழுந்த நேரத்துலதான்."

"சரி, இந்த ஒரு கேஸையும் சேத்து மறுபடி சொல்லிக்குடு. கத்துக்குமில்ல?"

"சேத்தேன் சார். கத்துக்க மாட்டேங்குது. கத்துக்காது."

அவள் ஒரு தாளை எடுத்து நாலு மூலையில் நாலு புள்ளி வைத்தாள். வெயிலில் ஈரம், நல்லது. நிழலில் உலர்ந்த உடம்பு, அதுவும் நல்லது. இந்த இரண்டும் எதிரெதிர் மூலை. நிழலில் ஈரம், ஆபத்து. வெயிலில் உலர்ந்தது, ஆபத்து. இவை மற்ற இரண்டு மூலை.

"நான் செஞ்சதுல ஒரே ஒரு அடுக்குதான் சார் இருக்குது. வெயிலு ஒரு ஓட்டு போடும், ஈரம் ஒரு ஓட்டு போடும், நாடி ஒரு ஓட்டு போடும். எண்ணிப் பாத்து முடிவு. யாரும் யார்கிட்டயும் பேசிக்கறது இல்ல. அப்படி ஓட்டு போட்டா, அது இந்தத் தாள்ல ஒரு நேர்கோடு போடற மாதிரிதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சிவப்பு. எங்க, ஒரே கோட்டுல நல்லது ரெண்டையும் ஒரு பக்கம், ஆபத்து ரெண்டையும் ஒரு பக்கம் பிரிச்சுக் காட்டுங்க."

சுரேஷ்குமார் பேனாவை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். நெடுக்கே ஒன்று. மூலையை வெட்டி ஒன்று. நாலாவதைப் போடும்முன் பேனாவை வைத்துவிட்டார்.

"ஒரு மூலைய வெட்டி எடுத்தா எதிர்மூலை நல்லவங்களோட போயிடுது," என்றார் மெதுவாக.

"பதினொரு பேரு அந்த மூலைல இருந்தாங்க. அதனால அத வெட்டி எடுத்துக்கிச்சு. வெயிலு ஏற ஏற நல்லதுனு கத்துக்கிச்சு, ஈரம் குறையக் குறைய நல்லதுனு கத்துக்கிச்சு. ரெண்டும் சேந்தா ரொம்ப நல்லதுனு ஆயிடுச்சு. பெரிம்மாவக் காப்பாத்தற மாதிரி கோட்டத் திருப்புனா அந்தப் பதினொரு பேரு போறாங்க. இல்லன்னா வேலை செய்யற எல்லாருக்கும் சிவப்பு எரியுது. எவ்ளோ பாடம் சொன்னாலும் இதுதான். அதுக்கு அறிவு பத்தலனு இல்ல சார். அப்படி ஒரு நெனப்பு உக்காற அதுக்குள்ள எடமே இல்ல."

"எடம் குடுக்கணும்னா?"

"நடுவுல இன்னொரு அடுக்கு. வெயிலையும் ஈரத்தையும் சேத்து வச்சுப் பாக்கற மாதிரி ரெண்டு மூணு பேரு. ஒருத்தி 'வெயிலு இருக்குது, ஈரம் இல்ல'னா மட்டும் முழிச்சுக்குவா. இன்னொருத்தி 'ஈரம் இருக்குது, வெயிலு இல்ல'னா மட்டும். அவங்க சொல்றத கேட்டு முடிவு பண்ணணும்."

அவர் நாலு புள்ளியையும் ஒவ்வொன்றாகப் பேனா முனையால் தொட்டார். "இந்த நாலு புள்ளி விஷயம் இப்பதான் தெரிய வந்ததா?"

தேவிப்ரியா தாளை மடித்தாள்.

காலேஜில் மூன்றாவது வருஷம், கருவிகளுக்கு இப்படிக் கற்றுக்கொடுக்கிற பாடத்தின் இரண்டாவது வகுப்பிலேயே இதே நாலு புள்ளியைப் போர்டில் போட்டார்கள். பரீட்சையிலும் வந்தது. எட்டு மார்க்குக்கு எட்டும் வாங்கினாள். போன வருஷம் இதே அறையில், நடு அடுக்கு ஒன்று வைக்கலாமா என்று அவளேதான் கேட்டாள். பணம் கொடுப்பவர்களுக்குப் புரிய வேண்டும், மூன்று அளவு, மூன்று மதிப்பு, ஒரு அட்டவணை, அவ்வளவு போதும் என்று இதே சுரேஷ்குமார் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் விட்டுவிட்டாள். நிரலில் ஒரு வரி மட்டும் எழுதிவைத்தாள், நடு அடுக்கு இல்லை, பின்னால் பார்க்க வேண்டும் என்று. பின்னால் பார்க்கவில்லை.

"படிச்சிருக்கேன் சார். உங்ககிட்டயும் கேட்டேன்," என்றாள்.

அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலையில் ஒரு பக்கம் வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

"அறிக்கையில 'இதுக்கு முன்னாடி பதிவாகாத நிலை'னு போடுவோம். பொய் இல்லையே?"

"பொய் இல்ல."

"மத்தத நமக்குள்ள வச்சுக்குவோம். இன்னும் நூத்தி முப்பத்தொம்பது பேரு இருக்காங்க. திட்டத்த நிறுத்திட்டா அவங்களுக்கு என்ன இருக்குது, சொல்லு?"

தேவிப்ரியா தன் மேஜைக்குப் போய் நடு அடுக்கை வைத்தாள். அதில் மூன்று முடிச்சு, அவள் சொன்ன அந்த இரண்டு மூன்று பேர். வெயிலில் காய்ந்த கேஸ்கள் நாலைந்து ஆஸ்பத்திரிப் பதிவுகளிலிருந்து கிடைத்தன. சொல்லிக்கொடுத்தாள். நாலு மூலையும் பிரிந்துவிட்டன. தங்கம்மாளின் அன்றைய அளவைக் கொடுத்துப் பார்த்தாள். விழுவதற்கு முப்பத்தைந்து நிமிஷம் முன்னாலேயே சிவப்பு எரிந்தது. சில்லில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட நிறையவில்லை. எல்லாம் முடிந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு மாசம் ஆகியிருந்தால், ஒரு வாரம் ஆகியிருந்தால்கூட, அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அபிநயாவைப் பார்க்கப் போனாள். தங்கம்மாளின் ஒரே பெண். பெரிய தெருவில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை. காரியம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தாள். சின்ன வயதில் தேவிப்ரியாவின் பின்னாலேயே பள்ளிக்கூடம் போனவள். இப்போது கழுத்தில் அடையாள அட்டை, கண்ணுக்குக் கீழே கருப்பு.

"வாக்கா. குந்து. டீ சொல்லட்டா?"

"வேணாம் அபி."

"நீ வந்தது நல்லதாப் போச்சு. உன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்." அபிநயா பதிவேட்டை மூடி வைத்தாள். "ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? அம்மா கடியாரத்தக் கழட்டி வச்சிட்டு வேலை செஞ்சிருக்கும், அதான் காட்டலனு. எங்க மாமாவே சொல்றாரு. அம்மா கழட்டாதுக்கா. அரிக்குது, புழுங்குதுனு ரெண்டு நாள் கழட்டி வச்சுச்சு. நான்தான் சண்டை போட்டு, என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கினேன். நம்ம தேவிக்கா செஞ்சது, சும்மா கழட்டிப் போடாதனு. குளிக்கறப்பகூட கழட்டல."

"கழட்டல அபி. கட்டிக்கினுதான் இருந்தாங்க. பதிவாயிருக்குது."

அபிநயா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, "அப்ப ஏன்க்கா பச்சை?" என்று கேட்டாள்.

தேவிப்ரியா தாளும் பேனாவும் எடுக்கவில்லை. நாலு மூலையை இவளிடம் போட்டுக் காட்ட மனசு வரவில்லை. மேஜைக்குப் பின்னால் மாடிப்படி. படியின் அடியில் ஒரு சுவிட்ச், மேலே திரும்புகிற இடத்தில் ஒன்று.

"அந்தப் படி லைட்டு எப்படி எரியுது?"

"கீழ போட்டா எரியும். மேல போய்த் தட்டுனா அணையும். ஏன்?"

"ஒண்ணு மட்டும் போட்டா எரியுது. ரெண்டும் போட்டா அணையுது. வெயிலும் ஈரமும் அப்படித்தான் அபி. ரெண்டும் இருந்தா நல்லது, ரெண்டும் இல்லன்னாலும் நல்லது. ஒண்ணு மட்டும் இருந்தா ஆபத்து. பெரிம்மாவுக்கு வெயிலு மட்டும்தான் இருந்துச்சு, வேர்வை நின்னுபோச்சு."

அபிநயா படியைத் திரும்பிப் பார்த்தாள். "சாதா சுவிட்ச் ரெண்ட வச்சா இந்த மாதிரி வராதுக்கா. போன மாசம் ரிப்பேர் ஆச்சு. ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல தனியா ஒயரு இழுக்கணும்னு எலக்ட்ரீசியன் சொன்னாரு. அது இல்லன்னா எத்தினி தபா தட்டுனாலும் சரியா எரியாதுன்னாரு."

"அந்த ஒயர நான் இழுக்கல," என்றாள் தேவிப்ரியா.

சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க இந்த ஒரு வாக்கியத்தைத்தான் தயார் செய்துகொண்டு வந்தாள். இதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தாள்.

அபிநயா அவளையே பார்த்தாள். கோபம் இல்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்கிற பார்வை.

"இழுக்கணும்னு உனக்குத் தெரியுமாக்கா? முன்னாடியே?"

"ஏம்மா, ஏசி ரூம் இருக்குதா? ரெண்டு பேரு, ஒரு கொழந்த." வாசலில் ஒரு குடும்பம் பைகளோடு நின்றது. அப்பன் நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது.

"ஏசி காலி இல்ல சார். ஏசி இல்லாதது ஒண்ணு இருக்குது, ரெண்டாவது மாடி."

"வெந்நி வருமா?"

"காலைல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் வரும் சார்."

"கொழந்தைக்கு ராத்திரி வேணுமே?"

"சொன்னீங்கன்னா பக்கெட்ல குடுத்து அனுப்பறோம். ஆதார் குடுங்க."

அவள் எழுதினாள், சாவியை எடுத்தாள், கொடுத்தாள், லைட்டைப் போட்டாள். அவர்கள் படியேறினார்கள். தேவிப்ரியாவுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியும் என்றால் இவள் இன்னொரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்கு, அட்டவணை அழகாக வந்தது, கை தட்டினார்கள், விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சண்டை போட்டுச் சத்தியம் வாங்கியவளிடம் அதைச் சொல்ல வேண்டும்.

அபிநயா திரும்பி வந்து உட்கார்ந்தாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தெரியாது அபி," என்றாள் தேவிப்ரியா. "இப்பதான் தெரிஞ்சுது."

அபிநயாவின் தோள் இறங்கியது. இத்தனை நாள் தூக்கி வைத்திருந்த தோள்.

"அதான். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ இழுத்திருக்க மாட்டியா இன்னா?" அவள் அழுதாள். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, தேவிப்ரியாவின் கையைப் பிடித்தாள். "நான் சத்தியம் வாங்கனதால அம்மா செத்துச்சோனு தெனமும் நெனச்சேன்க்கா. யாருக்கும் தெரியாத ஒண்ணுனா யாரு இன்னா பண்றது? என் மேல இல்ல, உன் மேலயும் இல்ல. வருத்தப்படாத, போ."

தேறுதல் சொல்ல வந்தவளுக்கு அவள் தேறுதல் சொன்னாள். டீயும் வரவழைத்துக் கொடுத்தாள். தேவிப்ரியா குடித்தாள்.

புதுப் பட்டைகள் மறுவாரம் கொடுத்தார்கள். நூற்று முப்பத்தொன்பது பேரில் நூற்று முப்பத்தெட்டு பேர் கட்டிக்கொண்டார்கள். திரௌபதி மட்டும் வேண்டாம் என்றாள். இரண்டு மாசத்தில் ஐந்து பேருக்குச் சிவப்பு எரிந்தது, ஐந்து பேரும் உட்கார்ந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள். அடுத்த அறிக்கையில் அதுவும் சேர்ந்தது. அபிநயா எப்போதாவது போன் செய்வாள், சாப்பிட்டியாக்கா என்பாள். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று தேவிப்ரியா நினைப்பாள். சாப்பிட்டேன் என்பாள்.

தெரியும் என்ற ஒரு சொல்லை அவள் அபிநயாவுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.